காது மந்தமானவர்கள் ஏற்காட்டுப் பாதையில் செய்யும் தவறுகள்

சேலத்தில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். என் வலது காது பெயருக்குத்தான் இருக்கிறது; இடது காதில் கருவி. அதனாலேயே காது மந்தமானவர்கள் யாராவது வந்தால் மற்ற பயிற்சிக்காரர்கள் என் முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களோ நான் அந்தக் காலத்தில் செய்த தவறுகளைத் தாங்களே கண்டுபிடித்தது போலப் பெருமையாகச் செய்கிறார்கள். மொபைல், மது, சீட் பெல்ட் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாதவர்கள் எவருமில்லை.

உரிமம் வாங்கும்போது மறைப்பது

கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. ஓட்டுநர் தேர்வில் தேறினால் காது கேளாதவருக்கும் உரிமம் தரலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. உடல்தகுதிப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

“பதில் ஹார்ன் வரவில்லையே, சார்”

எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாத தவறு இதுதான். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டிருக்கிறது.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடிப்பார்கள், காது கொடுப்பார்கள், சத்தம் இல்லையென்றால் உள்ளே நுழைந்துவிடுவார்கள். நன்றாகக் கேட்கிறவருக்கே இது பாதி நம்பிக்கைதான். நமக்கு வெறும் சூதாட்டம்.

செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு தம்பி, உரிமம் வாங்கிய கையோடு புதுக் கார் எடுத்தார். புதுக் கருவியும் மாட்டியிருந்தார். மலை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டு, துணைக்கு என்னை அழைத்துப் போனார். கண்ணாடிகள் மூடியிருக்க, ஏசி ஓட, பாதி மலை வரை நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு வளைவில் ஹார்ன் அடித்தார், காத்திருந்தார், பாதையின் நடுவைத் தாண்டி அகலமாகத் திருப்பினார். எதிரே கீழிறங்கிய பஸ்ஸின் மூக்கு மொத்தச் சாலையையும் அடைத்துக்கொண்டு நின்றது. பயிற்சிக் காரில் என் பக்கமும் பிரேக் உண்டு. அந்தக் காரில் இல்லை. என் கால் வெறும் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. முன் பம்பரும் வலப்பக்க விளக்கும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து கத்தியதில் உதடசைவை வைத்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அவரும் ஹார்ன் அடித்திருக்கிறார்.

தம்பியின் பதில்தான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. “பதில் ஹார்ன் வரவில்லையே, சார். அதனால் யாருமில்லை என்று நினைத்தேன்.” காதுக்கு எட்டாத ஒன்றைச் சாலையிலேயே இல்லாத ஒன்றாக எடுத்துக்கொள்ள நம்மைப் போன்றவர்களுக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வருகிறதோ!

பாறை முனையைச் சுற்றி வரும்போது ஒலியின் கூர்மையான பகுதிதான் அதிகம் அடிபடும். பெரும்பாலான காது மந்தத்தில் முதலில் போவதும் அந்தக் கூர்மையான ஒலிகளே. மிச்சத்தை மூடிய கண்ணாடியும் ஏசியும் விழுங்கிவிடும். கருவி மாட்டியிருக்கிறேனே என்பார்கள். பல கருவிகள் எதிரே இருப்பவரின் பேச்சை முன்னிறுத்தி, பின்னாலும் பக்கத்திலும் வருகிற ஒலியை அமுக்கும்படி அமைந்தவை. ஓட்டல் மேஜையில் அது வரம், மலைப்பாதையில் அப்படியல்ல. வண்டி ஓட்டும்போது எல்லாப் பக்கத்து ஒலியையும் எடுக்கும்படி தனி அமைப்பு வைத்துத் தர முடியுமா என்று கருவி பொருத்தியவரிடம் கேளுங்கள்.

அப்படியே கேட்டாலும் திசை தெரியாது. இரண்டு காதும் ஒரே அளவில் கேட்டால்தான் ஒலி வரும் பக்கம் பிடிபடும். எனக்கு உலகத்து ஹார்ன் எல்லாம் இடப்பக்கமே ஒலிக்கிறது. அந்த நம்பிக்கையில் வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஹார்ன் அடியுங்கள். அது எதிரே வருகிறவருக்கு. உங்களுக்கான பதிலைக் கண்ணால் தேடுங்கள். ஏறும்போது, அடுத்து நீங்கள் போய்ச் சேரவேண்டிய சாலை பல இடங்களில் தலைக்கு நேர் மேலே தெரியும். வளைவு வருவதற்கு முன்பே மரங்களுக்கு நடுவில் பஸ் கூரை நகர்கிறதா என்று ஒரு பார்வை. இரவில் எதிர் விளக்கு வெளிச்சம் பாறையிலும் இலைகளிலும் முன்கூட்டியே விழுந்துவிடும். நண்பகலைவிட இரவில் ஏறுவதே எனக்கு நிம்மதி, பனிமூட்டம் இல்லாதவரை. எதுவும் தெரியவில்லையா? பஸ் வருகிறது என்றே வைத்துக்கொண்டு இடது ஓரத்தை விடாமல், நிறுத்தக்கூடிய வேகத்தில் திரும்புங்கள்.

இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. வளைவில் சிக்கிய பஸ்ஸிடம் போய் அந்த விதியைப் படித்துக் காட்டாதீர்கள்.

உதட்டைப் பார்த்துப் பேசுவது

பக்கத்து இருக்கையிலிருந்து “என்னங்க” என்றால் நம் தலை தானாகத் திரும்பும். நன்றாகக் கேட்கிறவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். நமக்கு உதடு தெரிய வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடிவிடுகிறது. ஒரு வாக்கியத்தைப் படித்து முடிக்க ஒரு நொடி போதாது. கிளம்பும் முன்பே வீட்டாரிடம் பேசி வையுங்கள்: தோளில் ஒரு தட்டு என்றால் ஓரமாக நிறுத்து. வேறெதுவும் மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

ஆம்புலன்ஸ்

ஐந்து ரோடு பக்கம் 108 வண்டிக்கு வழிவிடாமல் நிற்பவரைப் பார்த்தால் திமிர் என்பார்கள். பாதிப் பேருக்குச் சைரன் கேட்டே இருக்காது. முன்னால் போகிற வண்டிகள் காரணமில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கினால் உடனே பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இயர்போன்

ஒரு காதில் மட்டும் என்றாலும் வேண்டாம்.

இண்டிகேட்டர்

பைக்கில் தானாக அணையாது. டிக் டிக் நமக்குக் கேட்காது. திரும்பியதும் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள், எரிந்தாலும் எரியாவிட்டாலும்.

பாட்டரி

கருவியின் பொத்தான் பாட்டரி சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்துவிடும். அடிவாரத்திலேயே மாற்றுங்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அல்ல.

பிரேக்

பல கார்களில் டிஸ்க் பிரேக் பேடு தேய்ந்துபோனால் கிரீச்சென்று கத்தும்படி ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். நம் விஷயத்தில் அது வீண். மலைக்குக் கிளம்பும் முன் மெக்கானிக்கைச் சக்கரத்தைக் கழற்றிப் பேடின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள்; மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறது அல்லவா?