மௌத் ஆர்கனுக்கு ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்கப் போகிறீர்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மௌத் ஆர்கன் வாசிக்க, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப் கனம். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் ஆறு ஏஏ பேட்டரியிலேயே ஓடும், மைக் உள்ளீடும் உண்டு.

கடைக்கு உங்கள் மைக்கையும் கொண்டுபோங்கள், இதுதான் முக்கியம். ஷூர் கிரீன் புல்லட் போன்ற உயர் மின்மறுப்பு (ஹை இம்பீடன்ஸ்) மைக், ஆம்பின் கிட்டார் உள்ளீட்டில் அருமையாகப் பேசும். ஷூர் எஸ்எம்58 போன்ற குறைந்த மின்மறுப்புப் பாட்டு மைக்கை அதில் செருகினால் சத்தம் சன்னமாகிவிடும். நடுவில் மின்மறுப்பை மாற்றித் தரும் மைக் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அப்புறம், மைக்கைக் கையால் பொத்தி வாசித்துப் பாருங்கள். ஆம்ப் ஊளையிட்டால் கெயினையும் (உள்ளீட்டுப் பெருக்கம்) ட்ரெபிளையும் (கீச்சொலி அளவு) குறையுங்கள். ஆம்ப் மைக்கைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. அப்படியும் அடங்காவிட்டால் வேறு ஆம்பைக் கேளுங்கள்.