பிரேக்கில் பந்துகள் சிதறவில்லையா? ரேக்கிங் டெம்ப்ளேட் போட்டுப் பாருங்கள்

நாங்கள் ஆடும் பூல் மேசையில் பிரேக்கை, அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியை, எவ்வளவு வேகமாக அடித்தாலும் பாதிப் பந்துகள் அங்கேயே கும்பலாக நிற்கும். பந்துகளை அடுக்கும் முக்கோணச் சட்டத்தை எடுத்ததும் குனிந்து பார்த்தேன். முதல் பந்துக்கும் அதன் பின்னால் இருந்த பந்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. ஃபுட் ஸ்பாட்டை, அதாவது முதல் பந்து வைக்கும் புள்ளியை, சுற்றித் துணி தேய்ந்து சிறு குழிகள் விழுந்திருந்தன. பந்துகள் அந்தக் குழிகளைத் தேடிப் போய் உட்கார்ந்தால் ஒன்றையொன்று எப்படித் தொடும்?

பந்துகளை அடுக்க உதவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான டெம்ப்ளேட் ஒன்று வாங்கினேன். பந்து உட்காரும் இடமெல்லாம் துளைகள். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; பக்கத்துப் பந்துகள் ஒட்டி நிற்கும்படி துளைகளுக்கு இடையிலான தூரத்தை அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். முதல் துளையை ஸ்பாட்டின் மேல் வைத்து, தாளை நேராக்கி, பந்துகளை முன்னாலிருந்து வைத்துக்கொண்டே வர வேண்டும். தள்ளுவதோ அழுத்துவதோ தேவையில்லை. தாமாகவே இறங்கி ஒட்டிக்கொள்கின்றன.

ஒன்பது பந்துகளை வைர வடிவில் அடுக்கி ஆடும் நைன் பாலில் பலன் உடனே தெரிந்தது. ஓரத்துப் பந்து அடிக்கடி மூலைப் பாக்கெட்டுக்குள் போக ஆரம்பித்தது. இது சற்று அதிகச் சாதகம்தான். சில பெரிய போட்டிகளில் 1-ஆம் எண் பந்துக்குப் பதில் 9-ஆம் எண் பந்தை ஸ்பாட்டில் வைப்பதும் இதைக் குறைக்கத்தான்.

பிரேக் முடிந்து, தாளின் மேல் பந்து எதுவும் நிற்கவில்லை என்றால் அதை உடனே எடுத்துவிடுங்கள். அப்புறம், மடிக்கவே மடிக்காதீர்கள். சுருக்கம் விழுந்தால் பந்து அதில் ஏறித் திசை மாறும். நான் தடித்த அட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.