பழைய அக்கார்டியன் வாங்குவோர் ஏமாறும் இடங்கள்

பழைய அக்கார்டியனை விற்பவர் முதலில் செய்கிற வேலை, அதைத் துடைத்துப் பளபளவென்று வைப்பது. மின்னும் செல்லுலாய்டு மேனியைப் பார்த்ததும் பாதி பேரம் படிந்துவிடும். அவரே வாசித்துக் காட்டும் பாட்டில் மீதியும் படிந்துவிடும். இரண்டையும் நம்பாதீர்கள். கை பழகியவர் கெட்டுப்போன கட்டையைத் தொடாமலே ஒரு பாட்டை முடித்துவிடுவார்.

கருவியை நீங்களே கையில் வாங்கி, பேஸ் பக்கம் (இடக்கையால் வாசிக்கும் பொத்தான்கள் உள்ள பக்கம்) கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்து, துருத்தியின் வார்களை அவிழ்த்துவிடுங்கள். எந்தக் கட்டையையும் அழுத்தாமல் மேல்பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். காற்றுக் கசியாத துருத்தி எளிதில் விரியாது. அடிப்பக்கமும் சேர்ந்தே எழும்பப் பார்க்கும். தூக்கிய வேகத்திலேயே விரிந்துகொண்டு போனால் எங்கோ காற்று ஓடுகிறது. துருத்தி மடிப்பின் தோல் மூலைகளை அப்போதே விரல் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரீடு, காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் உறுப்பு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு ரீடு தகட்டிலும் இரண்டு எஃகு நாக்குகள் உண்டு. துருத்தியை விரிக்கும்போது ஒன்று ஒலிக்கும், மூடும்போது மற்றது. நான்கு வரிசை ரீடுகளும் 41 கட்டைகளும் உள்ள பெரிய அக்கார்டியனில் வலப்பக்கம் மட்டும் 328 நாக்குகள். எல்லா வரிசைகளையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் செத்துப்போன ரீடு கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். ஆகவே எந்த ரீடு வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரிஜிஸ்டர் சுவிட்சை மாற்றி, வரிசை வரிசையாக, ஒவ்வொரு கட்டையையும் விரித்தும் மூடியும் கேளுங்கள். அரை மணி நேரம் ஆகும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சில ரீடுகள் தாமதமாக எழுந்தால், மேலே ஒட்டியிருக்கும் தோல் வால்வு சுருண்டிருக்கலாம்.

உள்ளே பார்க்கக் கேட்கத் தயங்காதீர்கள். துருத்தியைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணிகளைக் கழற்றினால் ரீடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும் மரத்துண்டுகள் தெரியும். ஆணிகளை வரிசை மாறாமல் வைத்து, அந்தந்தத் துளையிலேயே திரும்பச் செருக வேண்டும். பல கருவிகளில் ரீடுகளை நிறுத்தியிருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு. அது வெளுத்து, விண்டு, நகம் பட்டால் உதிர்கிறதா? அப்படியானால் எல்லா ரீடுகளையும் எடுத்து மறுபடி மெழுகிட வேண்டியிருக்கும். அந்தக் கூலி கருவியின் விலையையே தாண்டலாம். பூஞ்சை நெடியடித்தாலோ நாக்குகளில் துரு ஏறியிருந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஒலி அலைபாய்வதை உடனே சுருதி பிசகு என்று எண்ண வேண்டாம். நடு ரீடுகள் இரண்டையும் வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பதுண்டு. மியூசெட் எனப்படும் பிரெஞ்சு பாணி அலையொலிக்கு அந்த அதிர்வே உயிர். ஒரே ஒரு வரிசை மட்டும் ஒலிக்கும்போதும் ஒரு கட்டை முரணினால்தான் பிசகு. அதையும் நீங்களே சுரண்டிச் சரிசெய்யப் போகாதீர்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்பது உண்மைதான். சுரண்டிய எஃகு திரும்பி வராது என்பதும் உண்மை.

பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பது இன்னொரு தவறு. ஜெர்மன் நிறுவனமான ஹோனர் மாணவர்களுக்கான எளிய கருவிகளையும் செய்தது, மொரினோ போன்ற உயர்தரக் கருவிகளையும் செய்தது. அளவைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 120 பேஸ் பொத்தான் கொண்டது ஏறத்தாழ 10 கிலோ. புதிதாகப் படிப்பவருக்கு 48 அல்லது 72 பேஸ் போதும்.

வாங்கிய பிறகு முதல் எதிரி வெயில். தேன்மெழுகு 62 டிகிரி செல்சியசை ஒட்டி உருகும்; அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பிற்பகல் விட்டுவைத்தால் ரீடுகள் இடம் பெயர்ந்துவிடும். பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள். மடியில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்கட்டும், தோல் வால்வுகள் சுருளாது. கட்டை சிக்கினால் எண்ணெய் விடக்கூடாது; தூசியோடு சேர்ந்து பிசினாகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தால் செல்லுலாய்டு கரையும். வாசித்து முடித்துத் துருத்தியை மூடும்போது, ஒலியில்லாமல் காற்றை வெளியேற்றும் காற்றுப் பொத்தானை அழுத்துங்கள்.

பழுது பார்க்க ஆர்மோனியம் செய்பவரிடம் கொண்டுபோவது நம் ஊரில் வழக்கம். ஆர்மோனியத்தின் பித்தளை ரீடு ஒரு திசையில்தான் ஒலிக்கும், திருகாணியில் நிற்கும். இது வேறு வேலை. மெழுகு வைத்துப் பழக்கமுண்டா என்று கேளுங்கள். ரீடை ஒட்டப் பசையே போதும் என்று சொன்னால், கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.