எச்.ஐ.வியின் முதல் வாரங்கள்: நாங்கள் பிழையாக விளங்கி வைத்திருப்பவை

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வருடாவருடம் விடைத்தாள்களில் நான் சிவப்புப் பேனையால் வெட்டுகிற வசனம் ஒன்று உண்டு: "நிர்ப்பீடனத்திலிருந்து தப்புவதற்காக எச்.ஐ.வி விகாரமடைகிறது." அதாவது, உடலின் நோயெதிர்ப்பிலிருந்து தப்ப வைரஸ் தன் மரபுத்தகவலை மாற்றிக்கொள்கிறதாம்.

"தப்புவதற்காக" என்ற சொல்தான் பிழை. வைரஸுக்கு நோக்கம் ஏது?

பழைய பனையோலை ஏடுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். பார்த்து எழுதுகிறவர் ஓரிடத்தில் மாறி வாசித்து எழுதிவிடுவார், அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். எச்.ஐ.வியின் மரபுத்தகவல் ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. அதை டி.என்.ஏ ஆக எழுதும் நொதியம் தான் எழுதியதைத் திருப்பிச் சரிபார்ப்பதே இல்லை. ஆகவே சில பிரதிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பிழை விழுந்துகொண்டே இருக்கும். அதில் கனக்கப் பிழைகள் வைரஸுக்கே கேடு. ஆனால் சிகிச்சை பெறாத உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. இவ்வளவு பிரதிகளில் ஏதோ ஒன்றில், தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்லும் ரி கலங்கள் (உடலின் காவற் கலங்கள்) அடையாளம் காணும் அதே இடத்தில் எழுத்து மாறியிருக்கும். மற்றவை அழிய அது மிஞ்சும், பெருகும். முதல் சில வாரங்களுக்குள்ளேயே இது நடந்துவிடுகிறது.

அடுத்த பிழை, ஒருவரின் உடலில் இருக்கும் அத்தனை வகை வைரஸும் மற்றவருக்குப் போகும் என்று நினைப்பது. 2008இல் வெளியான ஆய்வொன்றில் புதிதாகத் தொற்றிய 102 பேரின் வைரஸ்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 78 பேரில் எல்லாப் பிரதிகளும் ஒரேயொரு மூல வைரஸிலிருந்து கிளைத்தவை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடினாரே, ஏறக்குறைய அதே வேலைதான் இதுவும்.

மூன்றாவது, "வந்த வைரஸ் வருடக்கணக்கில் உறங்கும்" என்பது. முதல் பத்து நாளளவில் குருதியில் ஒன்றும் தெரியாது, உண்மை. ஆனால் அப்போதும் இழையங்களில், நிணநீர்க்கணுக்களில் அது பெருகிக்கொண்டுதான் இருக்கும். மூன்றாம் நான்காம் வாரமளவில் ஒரு மில்லிலீற்றர் குருதியில் பல இலட்சம், சிலரில் கோடிக்கு மேல். வைரஸை முடக்கக்கூடிய பிறபொருளெதிரிகள் வந்துசேர மாதக்கணக்காகும். அதற்குள் வைரஸின் வெளியுறை மாறியிருக்கும். பத்து வருடத்துக்கு முந்திய படத்தை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் ஆளைத் தேடுகிற கதைதான். உண்மையில் உறங்குவது, முதல் நாட்களிலேயே சிடி4 எனப்படும் சில நிர்ப்பீடனக் கலங்களுக்குள் பதுங்கிவிடும் பிரதிகள் மட்டுமே. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்து 30 மணித்தியாலத்தில் மருந்து தொடங்கிய குழந்தைக்கு, இடையில் மருந்து நின்றபின் இரண்டு வருடத்துக்கு மேல் வைரஸ் தென்படவில்லை. 2014இல் திரும்ப வந்தது.

சரி, இனி பரீட்சைக்கு வெளியே நடக்கும் பிழைகள். பழைய மாணவன் ஒருவன் வந்து, "சேர், ரெஸ்ற் நெகட்டிவ்" என்றான். ஆபத்து நேர்ந்து எத்தனையாம் நாள் செய்தாய் என்றேன். ஐந்தாம் நாளாம்! அன்றைக்கு எந்தப் பரிசோதனையும் எதையும் காட்டாது. குருதிநாளத்தில் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் இன்றைய பரிசோதனைக்கே 18 முதல் 45 நாள் வேண்டும், விரல் நுனியில் குத்திச் செய்வதற்கு 90 நாள் வரை போகலாம். ஆனால் அவன் 72 மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் 28 நாள் தடுப்பு மருந்து எடுத்திருக்கலாம், அதைத்தான் தவறவிட்டான். யாழ் போதனா வைத்தியசாலையிலேயே பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசும் இல்லை. வெட்கம்தான் மறித்தது.

மார்கழி மழைக்காலத்தில் காய்ச்சல், தொண்டை நோ, தோலில் தடிப்பு என்றால் எல்லாருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். எச்.ஐ.வியின் ஆரம்பக் காய்ச்சலும் அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும். டெங்கு இல்லை என்று வந்ததும் பனடோலோடு விட்டுவிடுகிறோம்.

இதைவிட மோசம், பரிசோதிக்காமல் தொற்று வருமுன் காக்கப் போடும் தடுப்புக் குளிசையைக் கூட்டாளியிடம் வாங்கிப் போடுவது. அதில் இரண்டு மருந்துதான். ஏற்கெனவே தொற்றியிருந்தால் அதற்கு வைரஸ் முழுதாக அடங்காது. அந்த மருந்துக்கு மசியாத எழுத்துப்பிழை எதில் இருக்கிறதோ அது தேறி நிற்கும்.

முறையான கூட்டுச் சிகிச்சை தொடங்கினால் ஏடெழுதுகிறவரின் கை நின்றுவிடும். முதல் வாரங்களிலேயே தொடங்கியவர்களின் கலங்களில் பல வருடம் கழித்துத் தேடினாலும், பெரும்பாலும் உள்ளே வந்த அந்த முதல் வைரஸின் எழுத்துத்தான் கிடைக்கிறது.