டவுன்லோடா, திறந்து காட்டுவதா? சர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பிடிஎஃப். ஒரு தளத்தில் தட்டினால் பிரவுசரிலேயே விரிகிறது, இன்னொன்றில் டவுன்லோட் ஆகிவிடுகிறது. இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் இரண்டு ஹெடர்கள், அதாவது குறிப்பு வரிகள். இது என்ன வகைக் கோப்பு என்று சொல்வது கன்டென்ட்-டைப். அதை என்ன செய்வது என்று சொல்வது கன்டென்ட்-டிஸ்போசிஷன்: இன்லைன் என்றால் காட்டு, அட்டாச்மென்ட் என்றால் சேமி.

இந்த இரண்டின் வேலையையும் குழப்புவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. டவுன்லோட் ஆக வேண்டும் என்பதற்காகப் பிடிஎஃப்பை 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' (வகை சொல்லாத வெறும் பைட்டுகள்) என்று பொய்யான வகை போட்டு அனுப்புகிறார்கள். அது சேமிக்கப்படும், ஆனால் எந்த ஆப்பில் திறப்பது என்று சில போன்கள் திணறும். சரியான வகையைக் கொடுத்து, அட்டாச்மென்ட் என்று எழுதினால் போதும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் வகை குறிப்பிடாமல் ஏற்றிய படம் 'பைனரி/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' ஆகிவிடும். அப்புறம் அதன் இணைப்பைத் திறந்தால் படம் தெரியாது, டவுன்லோட்தான் ஆகும்.

எச்டிஎம்எல் இணைப்பில் 'டவுன்லோட்' என்ற பண்பைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கோப்பு வேறு டொமைனில் இருந்தால் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. சிடிஎன்னுக்கு (கோப்புகளின் நகலை வேறு சர்வர்களிலிருந்து தரும் சேவை) மாறியதும் பலருக்கு இது உடைவது இதனால்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அடுத்ததைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கன்டென்ட்-டிஸ்போசிஷனில் பெயரைச் சொல்லும் 'ஃபைல்நேம்' பகுதியில் 'ரசீது' என்று அப்படியே எழுதினால் சில பிரவுசர்களில் பெயர் குப்பையாகிவிடும். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதற்கு வழி சொல்கிறது: நட்சத்திரக் குறி போட்ட 'ஃபைல்நேம்*' பகுதியில், எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று அறிவித்து, பெயரைச் சதவீதக் குறியீட்டில் (ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு எழுத்தும் ஆகும்) எழுத வேண்டும். 'ரசீது' 15 பைட், குறியீட்டில் 45 எழுத்தாக நீளும். நீளட்டும், பெயர் பிழைக்கும். பழைய மென்பொருளுக்காக ஆங்கில எழுத்தில் சாதாரண 'ஃபைல்நேம்' ஒன்றையும் கூடவே வையுங்கள். பயனர் கொடுத்த பெயரிலுள்ள மேற்கோள் குறி, வரி முறிப்பு எதையும் சுத்தம் செய்யாமல் ஹெடருக்குள் விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பயனர்கள் ஏற்றும் கோப்புகளை உங்கள் டொமைனிலிருந்தே இன்லைனாகக் காட்டுவது. எஸ்விஜி வெறும் படமல்ல, அதற்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம். இணைப்பை நேரடியாகத் திறப்பவரின் லாகின் உரிமையோடு அது ஓடும். இப்படிப்பட்ட கோப்புகளுக்கு அட்டாச்மென்ட்டும், பிரவுசர் வகையைத் தானாக ஊகிப்பதைத் தடுக்கும் 'நோஸ்னிஃப்' ஹெடரும் வேண்டும். முடிந்தால் தனி டொமைன். கிட்ஹப், கூகுள் இரண்டும் பயனர் கோப்புகளுக்குத் தனி டொமைன் வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஹெடரை மாற்றியும் பழைய நடத்தையே தொடர்ந்தால், உடனே சர்வரைக் கிளறாதீர்கள். பிரவுசரிலுள்ள டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் கேஷை (பிரவுசர் சேமித்து வைக்கும் நகலை) அணைத்துவிட்டு மறுபடி திறந்து, வந்த ஹெடர்களைப் படியுங்கள். சிடிஎன் இருந்தால் அதிலுள்ள பழைய நகலையும் நீக்க வேண்டும்.