தோட்டத்து அறிவிப்போடைக்கு ஊடக வகை: பதிவுப் படிவத்தை நிரப்பும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கென்று ஒரு செய்தியோடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி அறிவிப்பு, துக்கச் செய்தி, செம்பனைக் குலை விலை எல்லாம் அதில் வருகின்றன. கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று அதை அனுப்பும் வழங்கி (சர்வர்) சொல்லும் பெயர்தான் ஊடக வகை. உங்கள் ஓடைக்குத் தனி ஊடக வகை வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ஓடைகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவம் ஒன்றின் பெயர் ஆட்டம் (Atom). ஆட்டம் ஓடையில் விலைக்கென்று இரண்டு மூன்று கூறுகளைச் சொந்தப் பெயர்வெளியில் (பெயர்கள் மோதாதபடி பிரித்துக்காட்டும் அடையாளத்தின் கீழ்) சேர்த்திருந்தால் அது ஆட்டமாகவேதான் இருக்கிறது. தெரியாத கூறுகளைக் கண்டு படிப்பான் (ஓடையைப் படிக்கும் செயலி) நின்றுவிடக் கூடாது என்று 2005இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4287 சொல்கிறது. அப்ளிகேஷன்/ஆட்டம்+எக்ஸ்எம்எல் என்ற வகை பதிவானதும் அதே ஆவணத்தில்தான். அதையே அனுப்புங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள லிங்க் குறியைப் பார்த்துத்தான் படிப்பான்கள் ஓடையைக் கண்டுபிடிக்கின்றன. எச்டிஎம்எல் தரநிலை ஓடை என்று அடையாளம் காட்டுவது ஆட்டம், இன்னொரு ஓடை வடிவமான ஆர்எஸ்எஸ் ஆகிய இரண்டின் வகைப்பெயர்களை மட்டுமே. புதுப்பெயர் வைத்தால் பல படிப்பான்கள் கண்டுகொள்ளாமல் போகும். ஆர்எஸ்எஸ் வகைப்பெயர் முறையான பதிவு இல்லாமலே ஆண்டுக்கணக்கில் உலகமெங்கும் புழங்கியதையும் நினைவில் வையுங்கள்: பதிவு செய்தால் மட்டும் யாரும் படித்துவிட மாட்டார்கள்.

உங்கள் வடிவம் ஆட்டமும் இல்லை, ஆர்எஸ்எஸ்ஸும் இல்லை, அதைப் படிக்கத் தனிச் செயலியே இருக்கிறது என்றால் பதிவு செய்வது நியாயம். விதிகள் 2013இல் வந்த ஆர்எஃப்சி 6838இல் இருக்கின்றன. பதிவான வகைகளின் பட்டியலை வைத்திருப்பது இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா (IANA). கட்டணம் கிடையாது.

பெயர்களுக்கு மூன்று கிளைகள். முன்னொட்டு இல்லாத தரநிலைக் கிளை இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் (IETF) அமைப்பின் ஆவணங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற தரநிலை அமைப்புகளுக்கும் உரியது. ஊர்ச் சங்கம் அங்கே போய் மல்லுக்கட்ட வேண்டாம். பிஆர்எஸ் என்று தொடங்குவது தனிநபர் முயற்சிகளுக்கு. உங்களுக்கு ஏற்றது விஎன்டி என்று தொடங்கும் வெளியீட்டாளர் கிளை. எக்ஸும் புள்ளியுமாக (x.) தொடங்கும் பெயரைப் பதிவு செய்யவே முடியாது. பழக்கத்தில் அதை வைத்துவிட்டுப் பிறகு மாற்றினால் எல்லாச் செயலிகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

துணைவகைப் பெயர் விஎன்டி.சிப்புட்.தோட்டம்+எக்ஸ்எம்எல் என்ற அமைப்பில் இருக்கலாம், ஆனால் ரோமன் எழுத்தில்தான். தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை. எழுத்து அல்லது எண்ணில் தொடங்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. உச்சவரம்பு 127 எழுத்துகள், 64க்குள் வைப்பதே நல்லது. கடைசிக் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது கோப்பின் அடிப்படை வடிவத்தைச் சொல்லும். உள்ளே ஜேசன் (இன்னொரு தரவு வடிவம்) இருந்தால் ஜேசன் என்றே போடுங்கள்.

படிவத்தைத் திறக்கும் முன் வடிவத்தின் விவரக்குறிப்பை எழுதி நிலையான முகவரியில் வையுங்கள். வெளியீட்டாளர் கிளைக்கு இது கட்டாயமில்லை என்றாலும், இல்லாமல் பதிவு செய்வதில் பயன் குறைவு. அலகுகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். குலை விலையை ஒரு டன்னுக்கு ரிங்கிட்டில் சொல்வதும் உண்டு, 1 விழுக்காடு எண்ணெய்ப் பிழிதிறனுக்கு (குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் விகிதம்) இவ்வளவு என்று சொல்வதும் உண்டு. பிழிதிறன் 20 விழுக்காடாக இருந்தால் இரண்டுக்கும் 20 மடங்கு வித்தியாசம். அலகு குழம்பினால் சிறுதோட்டக்காரர் கையில் தவறான கணக்கு போய்ச் சேரும். படிவத்தில் ஒத்தியங்குதல் பற்றிய இடத்திலும் இதைச் சொல்லுங்கள்.

படிவத்தில் கவனமாக எழுத வேண்டியது பாதுகாப்புப் பகுதி. அதைக் காலியாக விடக்கூடாது. சிக்கல் எதுவும் இல்லை என்பது வேறு, இன்னும் ஆராயவில்லை என்பது வேறு; இரண்டையும் குழப்பக் கூடாது. ஓடைக்கு எழுத வேண்டியவை தெளிவானவை: உள்ளடக்கத்தில் எச்டிஎம்எல் வந்தால் அதில் ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கலாம், காட்டும் முன் வடிகட்ட வேண்டும், எக்ஸ்எம்எல் என்றால் வெளிக் கோப்புகளை இழுக்கும் என்டிட்டிகளும் (வேறு உள்ளடக்கத்துக்குப் பதிலாக நிற்கும் பெயர்கள்), விரிந்து விரிந்து நினைவகத்தை நிரப்பும் என்டிட்டிகளும் ஆபத்து, தொலைவிலிருந்து வரும் படங்கள் யார் எப்போது படித்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

வடிவம் எக்ஸ்எம்எல் என்றால், குறியாக்கம், துண்டு அடையாளம் (முகவரியில் # குறிக்குப் பின் வந்து கோப்பின் ஒரு பகுதியைக் காட்டுவது) ஆகிய இரண்டுக்கும் 2014இன் ஆர்எஃப்சி 7303படி அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் போலவே என்று எழுதினால் போதும். கோப்பு நீட்டிப்பாக எக்ஸ்எம்எல் என்பதையே கொடுக்காதீர்கள். ஏன் என்பது வழங்கியைப் பற்றிச் சொல்லும்போது புரியும். பொருந்தாத இடங்களில் பொருந்தாது என்று எழுதுங்கள்.

தொடர்பு மின்னஞ்சல் எல்லோரும் பார்க்கும் பட்டியலில் ஏறும். மாற்றும் உரிமை யாருக்கு என்ற இடத்தில் செயலாளர் பெயரைப் போடாமல் சங்கத்தின் பெயரையே போடுங்கள், மின்னஞ்சலும் பொதுவானதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் திருத்தம் செய்ய ஆள் இல்லாமல் போகும். பதிவை அழிக்கவும் முடியாது. வழக்கொழிந்தது என்று குறிக்கத்தான் முடியும்.

ஐயானா தளத்தின் படிவத்தில் அனுப்பினால் ஐஇடிஎஃப் தரப்பில் நியமித்த வல்லுநர் பார்ப்பார். கேள்வி வந்தால் விவரக்குறிப்பையும் சேர்த்துத் திருத்துங்கள். படிவம் ஒன்று சொல்ல ஆவணம் வேறொன்று சொல்லக் கூடாது.

பதிவானதும் வழங்கியைச் சரிசெய்ய வேண்டும். அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளில் வகையைச் சேர்க்கும் ஆட்-டைப் (AddType) வரி ஒன்று போதும். இன்னொரு வழங்கி மென்பொருளான என்ஜின்எக்ஸில் (nginx) எக்ஸ்எம்எல் நீட்டிப்பு வழக்கமாக டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் ஆகப் போகும், ஆகவேதான் தனி நீட்டிப்பு. அங்கே சர்வர் பகுதிக்குள் புதிய டைப்ஸ் தொகுதி எழுதினால் மேலே உள்ள பட்டியல் முழுவதும் செல்லாமல் போய், படங்களும் பாணித்தாள்களும் தவறான வகையில் போகத் தொடங்கும். பொதுப் பட்டியலிலேயே ஒரு வரி சேருங்கள்.

டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்லில் தமிழுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. 2001இன் ஆர்எஃப்சி 3023படி எழுத்துக் குறியாக்க அளவுரு (charset) இல்லாவிட்டால் அது ஆங்கில எழுத்துகளுக்கான யுஎஸ்-ஆஸ்கி என்றே கொள்ளப்படும். அந்த விதியைப் பின்பற்றும் பழைய படிப்பான்களில் தமிழ் சிதையும். ஆர்எஃப்சி 7303 இதை மாற்றியது. இருந்தாலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே அனுப்புங்கள்.

முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) கட்டளையில், வழங்கி அனுப்பும் தலைப்புகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று வந்தால் நீட்டிப்பு பட்டியலில் ஏறவில்லை. டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று வந்தால் ஓடையை உருவாக்கும் பிஎச்பி நிரல் தன் இயல்பு வகையை அனுப்புகிறது. வெளியீடு தொடங்கும் முன்பே வகையை அறிவிக்க வேண்டும். அந்த நிரலின் தலையில் ஒரு வெற்று வரி இருந்தால்கூட அறிவிப்பு தோற்கலாம், எக்ஸ்எம்எல்லும் தொடக்கத்திலேயே பிழை என்று நின்றுவிடும்.