பழைய டி.வி.ஆர். பெட்டிக்குப் புது ஹார்ட் டிஸ்க்

கல்முனைக் கடைகளுக்குக் கமெரா பழுதுபார்க்கப் போனால் முதலாளிமார் கேட்பது இதைத்தான்: "தம்பி, பெரிய டிஸ்க் ஒன்று போட்டால் மூன்று மாதப் பதிவு நிற்குமா?" கமெராப் படங்களைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டி ஏற்றுக்கொண்டால் நிற்கும். பழைய பெட்டிகள் பல 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. எல்லை கையேட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் டிஸ்க் வாங்காதீர்கள்.

மூடியைத் திறந்ததும் அகலமான பட்டைக் கேபிள் தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அந்த வகை டிஸ்க்கைத் தேடி அலைவதைவிடப் பெட்டியையே மாற்றுவது மேல். ஒடுக்கமான சாட்டா கேபிள் என்றால் வேலை சுலபம்.

கணக்கு இது: விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதியும் கமெரா ஒன்று நாளுக்கு 10.8 ஜிகாபைட் தின்னும். நான்கு கமெராவுக்கு 500 ஜிகாபைட் பதினொரு நாள் தாங்கும். 2 டெராபைட் நாற்பத்தாறு நாள். மூன்று மாதம் வேண்டுமானால் அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாம். ஆனால் கச்சான் காற்றில் தென்னோலை ஆடுவதும் பெட்டிக்கு அசைவுதான். முற்றத்துக் கமெராவில் மரம் இருக்கும் பகுதியை விலக்கிவிடுங்கள்.

கணினியில் உழைத்துக் களைத்த டிஸ்க் வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போன்றவை இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்டவை.

தேவையான பதிவுகளை முதலில் பென் டிரைவில் எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் பெரும்பாலும் பெட்டியின் அடியில் இருக்கும். கடைசி ஸ்குரூவைக் கழற்றும்போது மறு கையால் டிஸ்க்கைத் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கேபிளில் தொங்கி இணைப்பை உடைக்கும். கேபிள் முனையின் பள்ளம் எல் வடிவில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் ஏறும், பலவந்தம் தேவையில்லை. கடற்கரைப் பக்கத்துக் கடை என்றால் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியின் கடிகாரத்தை ஓட வைக்கும் காசு போன்ற வட்ட பேட்டரி செருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நேரம் பிழைத்த பதிவைப் பொலிஸாரிடம் கொடுத்தால் கேள்விதான் கூடும்.

மெனுவில் ஹார்ட் டிஸ்க் பகுதிக்குப் போய் ஃபோர்மட் (டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஆயத்தம் செய்தல்) கொடுத்து, நிரம்பினால் பழையதன் மேல் எழுதும் வசதியைத் திறந்துவிடுங்கள். பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழும்பினால் டிஸ்க்கைக் குறை சொல்ல முன் அடாப்டரைப் பாருங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். களைத்த அடாப்டர் அதைத் தாங்காது. புதியது வாங்கும்போது வோல்ட் மாறக் கூடாது. அம்பியர் கூடினால் குற்றமில்லை.

கழற்றிய டிஸ்க்கைக் கணினியில் செருகினால் விண்டோஸ் ஃபோர்மட் செய்யவா என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பல பெட்டிகள் தமக்கே உரிய முறையில் எழுதுவதால், பதிவைப் பார்க்க அதே பெட்டியில் திரும்ப மாட்டுவதே சுலபமான வழி.